நாணயச் சங்கம்

எங்கள் ஊரில் ஒரு பழைய திண்ணை வீட்டு வாசலில், ‘ஐக்கிய நாணய சங்கம்’ என்று பலகை தொங்கும். உள்ளே காசு அடிக்கிறார்கள் போலும் என்று சிறு வயதில் நினைத்துக்கொண்டிருந்தேன். தாத்தாவைக் கேட்டேன்.

“காசு இல்லேடா, மனுஷனோட நாணயம்” என்றார்.

அவரும் அங்கத்தினர்தாம். ஆனால் கணக்குப் புத்தகம் அவருக்குப் புரியாது. காட்டிய இடத்தில் கைநாட்டு வைத்துவிட்டு வருவார்.

தாத்தா சொன்னது எவ்வளவு சரி என்பது, இந்தச் சங்கங்களின் பூர்வ கதையைப் படித்த பிறகுதான் எனக்கு விளங்கிற்று.

ஜெர்மனியில் ரெய்பைசன் என்று ஒரு கிராமாந்தர மேயர் இருந்தார். வட்டிக் கடனில் மூழ்கிய குடியானவர்களைக் கரையேற்ற, 1864-ல் கடன் சங்கம் ஒன்றை ஏற்படுத்தினார். ஒருவர் கடனுக்கு எல்லோரும் பொறுப்பு. சொத்து முழுவதுமே ஜாமீன். பிறகு கேட்பானேன்? பக்கத்து வீட்டுக்காரன் கடன் வாங்கி விதை வாங்கினானா, விருந்து வைத்தானா என்று ஊரே கவனிக்கும்! கணக்குப் பார்க்காமல் ஒருவருக்கும் தூக்கம் வராது. சங்கமே பள்ளிக்கூடம் ஆயிற்று.

சென்னை ராஜதானி சர்க்கார் 1892-ல் பிரெடெரிக் நிகல்சன் என்ற அதிகாரியை இந்த விஷயத்தை ஆராய நியமித்தது. 1895-லும் 1897-லும் அவர் அளித்த அறிக்கையின் சாரம் இதுதான்: பணத்தைத் தேடுமுன் ரெய்பைசனைப் போன்ற மனிதரைத் தேடுங்கள். 1904-ல் சட்டம் வந்தது. அதே ஆண்டில், அன்றைய செங்கற்பட்டு ஜில்லா திரூரில் சங்கமும் வந்தது. ‘எல்லோரும் பொறுப்பு’ என்ற விதியும் கூடவே வந்தது. அதை விளக்கிச் சொல்லும் ஆசிரியர்கள்தாம் போதிய அளவு வரவில்லை.

பலன்? 1951-52-ல் ரிசர்வ் பாங்க் கிராமக் கடனை நாடு முழுவதும் ஆராய்ந்தது. குடியானவர் வாங்கிய நூறு ரூபாயில் சங்கங்கள் தந்தது சுமார் 3. லேவாதேவிக்காரர்கள் தந்தது சுமார் 70. ஐம்பது வருஷ உழைப்புக்குக் கிடைத்த மார்க்கு அது!

1954-ல் வெளியான அறிக்கை சோர்ந்துவிடவில்லை. சர்க்கார் பங்கு, கிடங்குகள், பயிற்சி பெற்ற சிப்பந்திகள் என்று திட்டம் வகுத்தது. கூட்டுறவுப் பயிற்சிக்கென்று 1953-லேயே மத்தியக் கமிட்டி ஒன்றும் ஏற்பட்டிருந்தது. ஆனால் வரிசையைப் பாருங்கள்: முதலில் அதிகாரிக்கும் குமாஸ்தாவுக்கும் வகுப்பு, அங்கத்தினருக்குப் பிறகுதான்.

குமாஸ்தா தேர்ந்தவராக இருப்பது அவசியந்தான். ஆனால் அவர் எழுதுவதைப் படிக்கத் தெரிந்த குடியானவர் எதிரே உட்கார்ந்திருந்தால், பேனா இன்னும் ஜாக்கிரதையாக நடக்கும் அல்லவா?

தாத்தா ஒருமுறை, தாம் வாங்கியதைவிட அதிகத் தொகைக்குக் கைநாட்டு வைத்திருந்தார் என்பது பின்னால் தெரிந்தது. அதையும் கடைசிப் பைசா வரை கட்டினார். அவருடைய நாணயத்தில் குறைவில்லை. அவருக்கு எழுத்துக் கூட்டத் தெரிந்திருந்தால், அந்தப் பலகையின் நாணயமும் பிழைத்திருக்கும்.