அம்மாவின் கேசட்டும் லினக்ஸ் பேசக் கற்ற கதையும்

போன மகாளய அமாவாசைக்குச் சேவூரிலிருந்து அக்கா வந்திருந்தார். 1986-ல் அம்மா பேசியதை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தோம். மருமகள் அதைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுத்திருந்தாள். முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியதில் அக்காவுக்குக் காது மந்தம். ஸ்பீக்கரில் சத்தமாக வைத்தால்தான் உண்டு.

என்னுடையது லினக்ஸ் போட்ட பழைய கம்ப்யூட்டர். ப்ளூடூத் ஸ்பீக்கரில் அம்மா குரல் நாலு வார்த்தை வந்தது, அறுந்தது, பிறகு தகர டப்பாவுக்குள்ளிருந்து பேசுவது போல வந்தது. வயர் ஸ்பீக்கரைச் சொருகினேன். அதில் சத்தமே இல்லை. "விடு சாமி, இன்னொரு நாளைக்குக் கேட்டுக்கலாம்" என்று அக்கா பஸ் ஏறிவிட்டார்.

மனசு கேட்கவில்லை. காரணம் தேடப் போனதில் ஒரு வரலாறே கிடைத்தது.

லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் மாணவராக இருந்தபோது 1991-ல் லினக்ஸை வெளியிட்டார். அப்போது அது ஊமை. அடுத்த வருஷம் இன்னொரு பின்லாந்துக்காரர், ஹன்னு சவோலைனன், சவுண்டு கார்டை இயக்கும் நிரலை எழுதினார். அது பிற்பாடு ஓ.எஸ்.எஸ். ஆனது. அதில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு புரோகிராம்தான் ஒலிக்க முடியும். நம் காலத்துப் பஞ்சாயத்து ரேடியோவை நினைத்துக்கொள்ளுங்கள். திருகாணி யார் கையிலோ, அவர் வைத்த ஸ்டேஷன்தான் ஊருக்கே.

1998 வாக்கில் செக் நாட்டு யாரோஸ்லாவ் கிசெலா 'ஆல்சா'வைத் தொடங்கினார். 2003 கடைசியில் வந்த லினக்ஸ் 2.6-ல் அது இடம் பிடித்தது. இதில் ஒரு வேடிக்கை. புதிதாகப் போட்டால் எல்லா ஒலிவழியும் மூடியே இருக்கும். திடீரென்று அலறி ஸ்பீக்கரையும் காதையும் கெடுத்துவிடக் கூடாதாம். நல்ல எண்ணம்தான், ஆனால் கார்டு செத்துவிட்டதென்று எத்தனை பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்களோ!

2004-ல் லென்னார்ட் பொட்டரிங் 'பல்ஸ் ஆடியோ'வைத் தொடங்கினார். பல புரோகிராம்களின் ஒலியைக் கலக்கும். பாட்டு ஓடும்போதே ஒரு ஸ்பீக்கரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும். 2007-ல் பெடோராவிலும் அடுத்த வருஷம் உபுண்டுவிலும் புகுந்தது. அரைவேக்காட்டில் வந்ததால் வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

நம் வீடுகளுக்குள் லினக்ஸ் வந்ததும் இதையொட்டித்தான். சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ் 2007-ல் வெளியானது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் அதுவும் இருந்தது. பல பிள்ளைகள் அதைத் திறந்தே பார்க்கவில்லை என்பது என் எண்ணம்.

இப்போது ஒலியைப் பார்த்துக்கொள்வது விம் டேமன்ஸ் எழுதிய 'பைப்வயர்'. 2021-ல் பெடோரா இதற்கு மாறியது. ஆனாலும் அடியில் ஆல்சாதான் இருக்கிறது. பழைய வீட்டின் மேல் மாடி கட்டிய மாதிரி.

இது புரிந்த பிறகு என் கோளாறு பிடிபட்டது. ஒலி அமைப்பில் வெளியீடு மானிட்டருக்குப் போய்க்கொண்டிருந்தது. அதில் ஸ்பீக்கரே கிடையாது! மாற்றினேன், அப்போதும் மௌனம். டெர்மினலில் ஆல்சாமிக்சரைத் திறந்தால் ஹெட்போன் வழியின் கீழ் 'எம்எம்' என்று இருந்தது. மூடியிருக்கிறது என்று அர்த்தம். எம் பட்டனைத் தட்டினேன், திறந்துகொண்டது. பின்னையும் ஒரு முறை அழுத்திச் சொருகினேன்.

ப்ளூடூத் சங்கதி வேறு. இசைக்கு ஒரு வழி, போன் பேச்சுக்கு ஒரு வழி. ஏதாவது புரோகிராம் மைக்கைக் கேட்டால் பேச்சு வழிக்குத் தாவும், குரல் தகரமாகும். பேரன் வீடியோ வகுப்பை மூடாமல் விட்டிருந்தான். அறுந்ததற்குக் காரணம், ஸ்பீக்கரை வைஃபை பெட்டியின் மேலேயே வைத்திருந்தேன். இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில் முட்டிக்கொள்கின்றன. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவைத் திரும்ப வரச் சொன்னேன். எதற்கு வம்பு என்று வயர் ஸ்பீக்கரையே வைத்தேன். கேசட்டில் அம்மா யாரையோ, "தண்ணி காய வெச்சியா?" என்று கேட்கிறார்.

அக்கா ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்.

"என்னையத்தான் கேக்குது" என்றார்.