தளர்ச்சிக்கு மின்சாரம்: ஒரு சிகிச்சையின் பழைய தடங்கள்

ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, தலைவலி, உறக்கமின்மை ஆகியவற்றை ஒரே நோயாகக் கண்டு, 1869-இல் அதற்கு 'நியூராஸ்தீனியா', அதாவது நரம்புத்தளர்ச்சி, என்று பெயரிட்ட நியூயார்க் மருத்துவர் ஜார்ஜ் மில்லர் பியர்ட், நரம்புகளின் ஆற்றல் வற்றுவதே அதன் காரணம் எனக் கருதியதால், உடலில் மெல்லிய மின்னோட்டத்தைச் செலுத்துவதைச் சிகிச்சையாக்கினார். விரைவிலேயே இம்முறை வீடுகளுக்குள்ளும் புகுந்தது; பெட்டியில் அடங்கும் மின்கருவிகளும் இடுப்பில் கட்டும் மின்பட்டைகளும் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பெருமளவில் விற்கப்பட்டன. 1889-90 இன்ஃப்ளுயன்ஸா கொள்ளைநோய்க்குப் பின் தளர்ந்து கிடந்தோர் பலருக்கும் இதே நோய்ப்பெயர் சூட்டப்பட்டது.

விளம்பரங்கள் வாக்களித்த குணம் கிட்டாததால் மின்பட்டைகள் மறைந்தன. ஆனால் களைப்பைப் பற்றி நோயாளி சொல்வதை ஐயுறும் பழைய வழக்கம் மறையவில்லை. 1955-இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் 200-க்கும் மேற்பட்ட ஊழியர்களைத் தாக்கித் தளர்த்திய நோயை, 1970-இல் இரு மனநல மருத்துவர்கள் கூட்டு ஹிஸ்டீரியா என்று விளக்கியது, துன்புற்றோருக்கு இழைக்கப்பட்ட பெரும் அநீதியாகும்.

மின்சாரச் சிகிச்சையும் பின்னர் வேறு வடிவில் திரும்பியது: மூளைத்தண்டிலிருந்து இதயம், நுரையீரல், குடல் வரை செல்லும் வேகஸ் நரம்பை மின்னோட்டத்தால் தூண்டும் கருவி 1988-இல் வலிப்பு நோயாளி ஒருவரின் உடலில் முதன்முதலாகப் பொருத்தப்பட்டு, 1997-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. அந்நரம்பின் கிளையொன்று காதுமடலின் தோலை அடைவதால், அறுவையின்றி வெளியிலிருந்தே அதைத் தூண்டும் சிறு கருவிகள் பின்னர் உருவாயின. நீடித்த கோவிட் களைப்புக்கு அவற்றை வீட்டிலேயே பயன்படுத்திப் பார்க்கும் ஆய்வுகளும் நடந்துள்ளன. அவை பெரும்பாலும் சிறியவை. பயன் இன்னும் உறுதிப்படவில்லை. போலிச் சிகிச்சையோடு ஒப்பிடும் பெரிய ஆய்வுகளுக்கு அரசுகள் நிதியளிக்க வேண்டும்.