நீச்சல் தடாகத்தின் பி.எச். உணரி காட்டும் எண்ணை எப்போது நம்பலாம்?

பெரியநீலாவணை, மருதமுனை, கல்முனை என்று நீளும் எங்கள் கரையில் கிணற்றுக்குக் குளோரின் போடுவது யாருக்கும் புதிதல்ல. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பிறகு, உப்பேறிய கிணறுகளை இறைத்து, குளோரின் இட்டு, சிறு குழாயில் நிறம் பார்த்த நிவாரணக் குழுக்களைப் பலர் கண்டிருக்கிறார்கள். வடக்கே பாசிக்குடாவிலும் தெற்கே அறுகம் குடாவிலும் ஹோட்டல் வேலைக்குப் போகும் இளைஞர்கள், வளைகுடா நாடுகளில் கட்டடப் பராமரிப்புக்குப் போகிறவர்கள் ஆகியோரின் கையில் இன்று அதே குளோரின்தான் நீச்சல் தடாகப் பொறுப்பாக வருகிறது.

அங்கே நிறம் பார்க்கும் வேலையைப் பெரும்பாலும் ஒரு கருவி செய்கிறது. குழாயில் பொருத்திய உணரி தண்ணீரின் பி.எச். பெறுமானத்தை அளக்கும். அது கூடினால் கட்டுப்பாட்டுப் பெட்டி அமிலப் பம்பியை இயக்கும். உணரி பிழையாகக் காட்டினால் பம்பியும் அந்தப் பிழைக்குக் கீழ்ப்படியும். உண்மையில் 7.4 ஆக உள்ள தண்ணீரை 8.0 என்று காட்டும் உணரி, இரவு முழுக்க அமிலத்தை இறைத்துக்கொண்டிருக்கும்.

கிருமியைக் கொல்வது ஐப்போகுளோரசு அமிலம் என்ற வடிவில் உள்ள குளோரின்தான். பி.எச். 7.2இல் குளோரினில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அந்த வடிவில் இருக்கும், 7.5இல் பாதி, 8.0இல் கால்வாசிதான். குளோரின் அளவு சரியாக இருந்தும் தண்ணீர் கலங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். குளோரின் இடும் தடாகங்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை 7.2 முதல் 7.8 வரை. கிணற்றுக்கும் இதே கணக்குத்தான்: பி.எச். 8க்கு மேலே போனால் போட்ட குளோரினின் வேகம் குறையும்.

உணரியின் நுனியில் உள்ள மெல்லிய கண்ணாடிக் குமிழ்தான் எல்லாம். பி.எச். 7இல் அது தரும் மின்னழுத்தம் பூச்சியம். அங்கிருந்து ஓர் அலகு விலகினால், 25 பாகை செல்சியஸில் புதிய உணரி ஏறக்குறைய 59 மில்லிவோல்ட் தரும். பழசாகும்போது இந்த 59 சுருங்கும். 45 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம்: உண்மையில் 8.0 உள்ள தண்ணீருக்குத் திரையில் 7.8க்குச் சற்றுக் குறைவாகத்தான் வரும். கிழட்டு உணரி எல்லாத் தண்ணீரையும் 7க்குப் பக்கத்தில் இழுத்துக் காட்டும். வெடித்த குமிழும் அப்படித்தான். உப்புக்காற்றில் பச்சை பிடித்த இணைப்பியும், ஈரம் ஏறிய கம்பியும் அப்படித்தான், ஏனெனில் இந்தச் சமிக்ஞை மிக மெல்லியது, கொஞ்சம் ஈரம் இருந்தாலே கசிந்துவிடும். ஆகவே நாட்கணக்கில் அசையாமல் 7.2 காட்டும் திரையைக் கண்டால் சந்தோசப்படாமல் சந்தேகப்படுங்கள்.

இதனால்தான் ஒரே தாங்கற் கரைசலில் செய்யும் அளவுதிருத்தம் போதாது. 7.00 கரைசலில் வைத்துப் பொத்தானை அழுத்தினால் பூச்சியம் மட்டும் சரியாகும், சுருக்கம் தெரியாது. இரண்டாவதாக 4.01 அல்லது 10.01 கரைசல் வேண்டும். 10.01 கரைசல் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டை உறிஞ்சி விரைவில் கெடும். திறந்த போத்தலில் திகதி எழுதுங்கள், பாவித்ததைத் திரும்ப ஊற்றாதீர்கள். முதலில் அமிலப் பம்பியையும் குளோரின் பம்பியையும் நிறுத்தி, வால்வுகளை மூடிவிட்டு உணரியைக் கழற்றுங்கள். கழுவி, மென்தாளால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். எண் அசையாமல் நிற்கும்வரை பொறுத்திருங்கள். 7.00 கரைசலில் 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினாலோ, ஓர் அலகுக்கு 50க்குக் குறைவாக வந்தாலோ, முதலில் உணரியைச் சுத்தம் செய்து பாருங்கள். அப்படியும் மாறாவிட்டால் புதியது வாங்க வேண்டும். ஒன்றிரண்டு வருடமே அதன் ஆயுள், அதற்கு மேல் உழைத்தால் அதிர்ஷ்டம்.

கிணற்று நீரால் நிரப்பும் தடாகத்தில் குமிழின் மேல் சுண்ணாம்பு படியலாம். 5 சதவீத ஐதரோகுளோரிக் அமிலத்தில் ஒரு நிமிடம் வைத்துக் கழுவினால் போய்விடும். சன்ஸ்கிரீன் எண்ணெய்க்குப் பாத்திரம் கழுவும் சோப்பும் மென்மையான தூரிகையும் போதும். அந்த அமிலத்தைக் குளோரின் வாளிக்கு அருகிலும் கொண்டுபோகாதீர்கள். பருவம் முடிந்து தடாகத்தை மூடும்போது, மூடிக்குள் பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசல் ஊற்றி உணரியை அதில் வையுங்கள். காய்ச்சி வடித்த நீரில் வைப்பது நல்லதென்று நினைப்பவர்கள் நிறையப் பேர்; அது உள்ளிருக்கும் அயன்களை வெளியே இழுத்து உணரியைக் கெடுக்கும்.

கைச்சோதனையை விட்டுவிடக் கூடாது. பினோல் சிவப்பு 6.8 முதல் 8.2 வரைதான் சொல்லும். குளோரின் மிக அதிகமாக இருந்தால் நிறம் ஊதாவுக்குத் திரும்பி ஏமாற்றும். ஒப்பிடுவதற்கான தண்ணீரைத் தடாகத்தின் ஓரத்தில் அள்ளாமல், உணரிக்குப் பக்கத்திலுள்ள மாதிரிக் குழாயிலிருந்து எடுங்கள். இரண்டுக்கும் இடையே 0.2க்கு மேல் வித்தியாசம் என்றால், திரையின் எண்ணைக் கைச்சோதனைக்கு ஏற்றபடி மாற்றிவிட்டுப் போகாமல் இரண்டு கரைசலிலும் அளவுதிருத்தம் செய்யுங்கள்.

உணரி இருக்க வேண்டிய இடம் வடிகட்டிக்குப் பின்னால், அமிலமும் குளோரினும் சேரும் இடத்துக்கு முன்னால். அங்கே நீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நீர் நின்றால் உணரி குழாயில் தேங்கிய தண்ணீரை மட்டுமே அளக்கும், மருந்துப் பம்பிகளோ ஓடும். அப்போது அமிலமும் குளோரினும் குழாய்க்குள்ளேயே கலந்து குளோரின் வாயு உண்டாகும். சுற்றோட்டம் திரும்பத் தொடங்கியதும் அது குளிப்பவர்கள் மத்தியில் வெளிப்படும். 2015 ஜூனில் கலிபோர்னியாவின் கொன்ட்ரா கொஸ்ரா மாவட்டத்துப் பொதுத் தடாகம் ஒன்றில், சுற்றோட்டப் பம்பி பழுதாகி இப்படித்தான் பலர் பாதிக்கப்பட்டார்கள். மின்வெட்டுக்குப் பழகிய எங்கள் ஊரில் இதைச் சாதாரணமாக எடுக்க முடியாது. தடாகத்தில் யாரும் இல்லாத நேரம் சுற்றோட்டப் பம்பியை மட்டும் நிறுத்திப் பாருங்கள். இரு மருந்துப் பம்பிகளும் தாமாக நிற்க வேண்டும். நிற்காவிட்டால், நீரோட்ட ஆளி பொருத்தப்படும்வரை ஆளில்லாத வேளையில் அவற்றை ஓட விடாதீர்கள்.

ஒவ்வோர் அளவுதிருத்தத்தின்போதும் இரண்டு மில்லிவோல்ட் எண்களையும் திகதியோடு கொப்பியில் எழுதி, தொலைபேசியிலும் படம் எடுத்து வையுங்கள். புதிய உணரி கேட்டால் முகாமையாளர் விலையைச் சொல்வார். 58, 55, 51 என்று இறங்கும் வரிசையை அவருக்குக் காட்டலாம். பிள்ளையொன்றின் கண் எரிந்து, தண்ணீர் பார்த்த பொடியனில் பழி விழும் நாளில், அவன் பக்கம் பேசுவதற்கும் அந்தக் கொப்பி இருக்கும்.