ரத்தமா, புகையா?

நுரையீரல் புற்றுநோய் பரம்பரையாக வருமா என்று இரண்டு விதமான மனிதர்கள் கேட்கிறார்கள். "எங்க தாத்தா தொண்ணூறு வயசு வரைக்கும் சுருட்டுப் பிடிச்சாரு, எங்க வம்சத்துக்கு ஒண்ணும் வராது" என்று பீடியைப் பற்றவைப்பவர் ஒருவர். தகப்பனாரை அந்த நோய்க்குப் பறிகொடுத்துவிட்டு, புகையே அறியாத தம் உடம்பிலும் அது ஒளிந்திருக்குமோ என்று தூக்கமில்லாமல் புரளுபவர் மற்றொருவர். தை மாதத்தில், அண்ணாமலையார் தீர்த்தவாரிக்காக மணலூர்பேட்டைத் தென்பெண்ணைக் கரையில் கூடும் ஜனங்களிடையே இருவரையும் நான் கண்டிருக்கிறேன். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு பழைய சண்டையைச் சொல்லவேண்டும்.

1950-இல் பிரிட்டனில் டால், ஹில் என்ற இருவர், இந்த நோய்க்கும் சிகரெட்டுக்கும் உள்ள உறவைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எதிர்த்து எழுந்தவர் சாமானியர் அல்ல, ரொனால்ட் ஃபிஷர். புள்ளியியலுக்கே அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர். 1938-இல் கல்கத்தாவில் நடந்த முதல் இந்தியப் புள்ளியியல் மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர். பிறவியில் வந்த ஏதோ ஒன்றே புகைக்கும் ஆசையையும் புற்றையும் சேர்த்துத் தரலாமே, புகைமேல் ஏன் பழி என்று அவர் 1958-இல் கேட்டார். ஒரே கருவில் பிரிந்த இரட்டையர் புகைப் பழக்கத்திலும் ஒத்திருப்பதைச் சாட்சிக்கு அழைத்தார். அவர் பைப் பிரியர். புகையிலைக் கம்பெனிகளின் குழுவுக்கு ஆலோசகராகவும் இருந்தார்.

வழக்கு அவருக்கு எதிராகவே தீர்ந்தது. ஆனால் ரத்தத்துக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. நோயாளிகளின் உறவினரிடையே, புகைக்காதவர்களிடம்கூட, இந்த நோய் கூடுதலாக இருப்பதை 1963-இல் டோகுஹாட்டா, லிலியன்ஃபெல்ட் இருவரும் அமெரிக்காவில் கண்டார்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. நுரையீரல் புற்று என்பது ஒரே நோய் அல்ல. செதில் செல் புற்று, சிறு செல் புற்று இரண்டும் புகையோடு மிக நெருங்கியவை. சுரப்பிச் செல் புற்று புகைக்காதவரிடமும் காணப்படுவது. இந்தப் பாகுபாட்டை 1962-இல் நார்வே நாட்டு கிரைபெர்க் வற்புறுத்தினார்.

அரை நூற்றாண்டுக்குப் பின், இந்த வகைக்கொரு பரம்பரை வழியும் புலப்பட்டது. 2008-இல் மூன்று குழுக்கள், நிக்கோடினை ஏற்கும் உறுப்புக்கான மரபணுக்களை 15-ஆவது குரோமோசோமில் குறிகாட்டின. ஃபிஷர் சொன்னது பாதி மெய்யாயிற்று! ஆனால் அந்தக் கூறு பெரும்பாலும் புகையின் கைப்பிடித்தே கெடுதல் செய்கிறது. புகைக்காதவரிடம் அதன் சுவடு அரிது. 2009-இல் கண்ட 5-ஆவது குரோமோசோமின் டெர்ட் மரபணு, முக்கியமாகச் சுரப்பி வகையைச் சார்ந்தது. மார்புப் புற்றில் பேர்பெற்ற பிஆர்சிஏ-2 மரபணுவின் அபூர்வமான மாறுதல் ஒன்று, செதில் வகையின் அபாயத்தை இரண்டு மடங்குக்கு மேல் கூட்டுவதாக 2014-இல் தெரிந்தது. குழந்தைகளின் விழித்திரைப் புற்றைத் தரும் பரம்பரைக் குறை உள்ளவர்கள் வளர்ந்தபின் சிறு செல் வகைக்கு ஆளாகும் அபாயம் அதிகம். ஆக, "பரம்பரையா?" என்றால், "எந்த வகை?" என்று திருப்பிக் கேட்பதே சரி.

இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தாரிடம் நடந்தவை. எண்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவந்துவிடலாகாது. புகையைப் பற்றிய கணக்கோ நம் மண்ணிலேயே உண்டு. 1990-களின் பிற்பகுதியில் சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் பழக்கத்தை ஆராய்ந்து, கஜலட்சுமி, ரிச்சர்ட் பீட்டோ முதலியோர் 2003-இல் வெளியிட்டார்கள். மணலூர்பேட்டை அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. கள்ளக்குறிச்சி மாவட்டம் பிறந்தது 2019-இல். கிராமத்தில் புகைத்தவர்கள், புகைக்காதவர்களைப்போல நான்கு மடங்குக்கு மேல் காசநோயால் மாண்டிருந்தார்கள். புகை புற்றுக்காகக் காத்திருப்பதில்லை.

தாத்தாவைச் சாட்சிக்கு அழைப்பவரே, பிழைத்தவர் மட்டும்தான் சாட்சி சொல்ல வருவார், மாண்டவர் வரமாட்டார். பயந்திருப்பவரே, பரவலாக உள்ள மரபுக் கூறுகள் அபாயத்தைச் சிறிதளவே கூட்டுகின்றன. 2008-இல் கண்டது புகைப்பவரிடமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். விடாத இருமல் வந்தால் வைத்தியரிடம் போங்கள்; தகப்பனார் கதையை அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நமக்கு வந்த ரத்தத்தை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. தீக்குச்சியைக் கிழிப்பது நாம்தான்.