செங்கல்பட்டுக்கு ஒரு டிக்கெட்!

1975 ஆகஸ்ட் 15-ல் சென்னையில் தூர்தர்ஷன் ஆரம்பமான புதுசில், தாம்பரத்தில் நீங்கள் ஒரு டி.வி. வாங்கியிருந்தால், அதற்குத் தபால் ஆபீசில் லைசென்ஸ் எடுத்திருக்கணும். (ஆமாம் சார், டி.வி. பார்க்கவும் லைசென்ஸ்!) பிறகு மொட்டைமாடியில் ஆன்டெனா. ஆறே மாசத்தில் படம் கீழிருந்து மேலாக உருள ஆரம்பித்தால்? கடைக்காரர் பேசவே மாட்டார். பில்லின் அடியைக் காட்டுவார்: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது.'

சட்டம் இல்லாமலா இருந்தது? 1930-லேயே சரக்கு விற்பனைச் சட்டம் வந்தாச்சு. இன்ன காரியத்துக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் அதற்கு உதவாவிட்டால் விற்றவர் பதில் சொல்லணும் என்கிறது அது. ஆனால், சிவில் கோர்ட்டுக்குப் போகணுமே! கோர்ட் ஃபீஸ், வக்கீல் ஃபீஸ், வாய்தா... ஒரு டி.வி.க்காக யார் அலைவார்கள்? தெருமுனை மெக்கானிக்தான் கதி. அவர் ரிச்சி தெருவிலிருந்து ஸ்பேர் வாங்கி வந்து பொருத்துவார்.

அமெரிக்காவில் 1962 மார்ச் 15-ல் ஜனாதிபதி கென்னடி, 'வாங்குகிறவருக்கும் உரிமைகள் உண்டு' என்று காங்கிரஸுக்குச் செய்தி அனுப்பினார். நம் நாட்டில் அதற்கென்று தனிச் சட்டம் வர 1986 டிசம்பர் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால், வந்தது நல்ல சட்டம். வக்கீல் கட்டாயமில்லை. ஆரம்பத்தில் கட்டணமும் கிடையாது. நீங்களே போய் நின்று பேசலாம். பழுதை நீக்கு, வேறு புதுசு கொடு, பணத்தைத் திருப்பு, நஷ்டஈடு கட்டு... இத்தனையும் உத்தரவிட மாவட்ட மன்றத்துக்கு அதிகாரம்.

சரி, எந்த மாவட்டம்? இங்கேதான் புறநகர்வாசிக்குச் சிக்கல். எதிராளியின் கடையோ கிளையோ எங்கே இருக்கிறது, பிரச்னை எங்கே கிளம்பியது என்றுதான் பழைய சட்டம் பார்த்தது. நீங்கள் குடியிருக்கும் ஊர் கணக்கிலேயே இல்லை! தி.நகரில் வாங்கினால் சென்னை (தெற்கு) மன்றம். பெயர்தான் தெற்கு, இருந்தது பார்க் டவுன் பக்கம். தாம்பரம் கடையிலேயே வாங்கினால்? தாம்பரம் அப்போது காஞ்சிபுரம் மாவட்டம், மன்றமோ செங்கல்பட்டில். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆபீசுக்கு லீவு போட்டு, மின்சார ரயிலைப் பிடித்து ஓடணும். மூன்று மாசத்தில் (பொருளை லேபில் சோதிக்கணும் என்றால் ஐந்து மாசத்தில்) முடிக்க முயலணும் என்று சட்டத்தில் இருக்கிறது. 'முயலணும்' என்ற வார்த்தையைக் கவனியுங்கள்!

இதற்கிடையில் கடைகளில் 'எக்ஸ்டெண்டட் வாரன்டி' வந்தது. கம்பெனி தருவது ஒரு வருஷம். மேலே கொஞ்சம் பணம் கட்டினால் இன்னும் இரண்டு வருஷம். பல சமயம் இதை விற்பது டி.வி. தயாரித்தவர் இல்லை, வேறொரு நிறுவனம். பேனல் போனதும் ஆரம்பிக்கும் பந்தாட்டம். கடைக்காரர் கம்பெனியைக் கைகாட்டுவார், கம்பெனி வாரன்டி நிறுவனத்தை. அவர்கள் 'வோல்டேஜ் ஏறி இறங்கியதால் பழுது, செல்லாது' என்பார்கள். ஆனால், காசு வாங்கிக்கொண்டு தரும் வாரன்டி சட்டத்தின் கண்ணில் ஒரு சேவை. தராவிட்டால் சேவைக் குறைபாடு. புகாரில் மூன்று பேரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்துவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம். அப்புறம் யார் யாரைக் கைகாட்டுவது?

2020 ஜூலையில் அமலுக்கு வந்த புதுச் சட்டம் இரண்டு பழைய கணக்கைத் தீர்த்தது. ஒன்று, நீங்கள் குடியிருக்கும் ஊர், வேலை பார்க்கும் ஊர், எங்கே வேண்டுமானாலும் வழக்குப் போடலாம். இன்னொன்று, பில்லின் அடியில் இருந்த அந்த வாசகம்! பழுதான பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. புகாரை ஆன்லைனிலேயே பதியலாம். வீடியோவில் ஆஜராகவும் கேட்கலாம்.

2019 நவம்பரிலிருந்து தாம்பரம் மறுபடி செங்கல்பட்டு மாவட்டம்தான். ரயில் ஏறுகிறீர்களோ இல்லையோ, பில்லை இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். கடைகளில் இப்போது தரும் பளபள பேப்பரில் எழுத்து சீக்கிரம் மங்கிவிடுகிறது. வாரன்டியோ மூன்று வருஷம்!