சி டிரைவ் எங்கே போச்சு? - கேரளப் பள்ளிகள் லினக்ஸுக்கு மாறிய கதை

கேரளாவில் தமிழ்வழியில் படிக்கிற பத்தாங்கிளாஸ் பிள்ளைங்களும் கம்ப்யூட்டர் பரீட்சையை லினக்ஸில்தான் செய்யறாங்க. பாடப்புத்தகமும் தமிழிலேயே இருக்கு. இங்கே கூடப் படிக்கிற வெள்ளைக்கார நண்பர்களிடம் சொன்னா நம்ப மாட்டேங்கிறாங்க. மாஸ்டர்ஸ் வகுப்புக்காகத் தேடிப் படிச்சதில் தெரிஞ்சதைக் கொஞ்சம் சொல்றேன்.

2001ல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டம் ஆரம்பிச்சது. விஞ்ஞானி யு.ஆர். ராவ் தலைமையிலான குழுவின் பரிந்துரை. ஆரம்பத்தில் பாடமெல்லாம் விண்டோஸ்தான். அரசாங்கப் பாடப்புத்தகம் ஒரே ஒரு கம்பெனியின் சரக்கைச் சொல்லிக்கொடுக்கலாமா என்று கே.எஸ்.டி.ஏ. ஆசிரியர் சங்கம் எதிர்ப்பு தெரிவித்தது. அதே 2001ல்தான் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்திய அமைப்பும் திருவனந்தபுரத்தில் தொடங்கியிருந்தது. அதனால் அந்தக் கேள்விக்குத் துணைக்குரலும் கிடைத்தது. சில வருஷம் இரண்டும் சேர்ந்தே ஓடியது. 2008 வாக்கில் எஸ்.எஸ்.எல்.சி. ஐடி தேர்வு முழுக்க லினக்ஸுக்கு வந்துவிட்டது.

கொள்கை முடிவு எடுப்பது சுலபம். மாட்டிக்கிட்டது வாத்தியாருங்க. இந்தப் பாடத்தை எடுத்தவர்கள் கம்ப்யூட்டர் படித்தவர்கள் இல்லை; கணக்கு, இயற்பியல், மலையாளம் எடுத்தவர்கள். அப்போதுதான் விண்டோஸில் மவுஸ் பிடிக்கப் பழகியிருந்தார்கள். லினக்ஸில் சி டிரைவே கிடையாது! ஃபைல் பெயரில் பெரிய எழுத்தா சின்ன எழுத்தா என்று பார்க்கணும். அந்தக் காலத்து லினக்ஸில் பென் டிரைவைச் செருகினால் மட்டும் போதாது, 'மவுண்ட்' செய்யணும். பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கேள்வித்தாளைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவருக்கு மாணவர்கள் முன்னாடி திரையைப் பார்த்து முழிப்பது எவ்வளவு அவமானம்னு யோசிச்சுப் பாருங்க. புது இயங்குதளம் வரும்போதெல்லாம் நாம 'பழக மாட்டேங்கிறாங்க'ன்னு சொல்றது பெரும்பாலும் இந்த பயத்தைத்தான்.

இதை அவர்கள் சமாளித்த விதம்தான் எனக்குப் பிடித்தது. பயிற்சி கொடுத்த 'மாஸ்டர் டிரெய்னர்'களும் ஆசிரியர்களே. கோட்டு போட்ட கம்பெனி ஆள் வந்து பவர்பாயிண்ட் காட்டவில்லை. சக வாத்தியாரிடம் 'எனக்கு இது புரியலை சார்'ன்னு கேட்பதில் கூச்சம் குறைவு, இல்லீங்களா? அடுத்து, பள்ளிகளுக்கென்றே தனிப் பதிப்பு தயாரித்தார்கள்; முதலில் டெபியன், பிறகு உபுண்டு அடிப்படையில். பாடத்துக்கு வேண்டிய மென்பொருள் எல்லாம் அதிலேயே இருக்கும். ஒவ்வொன்றாகத் தேடி நிறுவ வேண்டாம். கணக்கு டீச்சருக்கு டாக்டர் ஜியோ, ஜியோஜீப்ரா. வேதியியலுக்கு கால்சியம். தன் பாடத்துக்கு உதவுகிற பொருளாக வந்ததால் கம்ப்யூட்டர் தனிச் சுமையாகத் தெரியவில்லை.

பரீட்சையும் லினக்ஸில் என்றானதும் திரும்பிப் போக வழி இல்லை. கொஞ்சம் கெடுபிடிதான். ஆனால் பயிற்சி இல்லாமல் பரீட்சையை மட்டும் மாற்றியிருந்தால் திட்டம் அங்கேயே படுத்திருக்கும்.

2017ல் இந்தத் திட்டம் 'கைட்' என்ற அரசு நிறுவனமாக மாறியது. 2018ல் 'லிட்டில் கைட்ஸ்' மாணவர் மன்றங்கள் வந்தன. 2019ல் உபுண்டு 18.04 அடிப்படையிலான பதிப்பு வந்தபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளில் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். பேப்பர்களில் தலைப்பானது அந்த 3,000 கோடிதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்கள் ஒரு கம்பெனியின் மெனுவை மனப்பாடம் செய்யாமல் கம்ப்யூட்டரையே புரிந்துகொண்டது.

2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய கணினிகளை வைத்திருக்கும் பள்ளிகள் உலகம் பூரா இப்போ என்ன செய்வதுன்னு யோசிக்கின்றன. எந்த சிஸ்டத்துக்கு மாறினாலும் சரி, முதல் செலவு ஸ்டாஃப் ரூமுக்கு ஆகட்டும். மிச்சத்தை அவங்களே பார்த்துக்குவாங்க :-)