'வேலை பாக்குறேன்': தமிழில் ஒண்ணு, இங்கிலீஷில் மூணு! இன்டர்வியூவில் குழப்பாமல் சொல்வது எப்படி?

"எவ்வளவு நாளா அங்க வேலை பாக்குறீங்க?" இன்டர்வியூக்களில் அடிக்கடி வரும் கேள்வி இது. தமிழில் பதில் சொல்ல யோசிக்கவே வேண்டாம். "மூணு வருஷமா பாக்குறேன்", அவ்வளவுதான்.

இதையே ஆங்கிலத்தில் "ஐ வொர்க்ட் தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்" என்று சொன்னால் என்ன ஆகும்? அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்றுதான் கேட்பவர் புரிந்துகொள்வார். இன்னமும் வேலையில் இருப்பவரை ஒரே ஒரு வினைச்சொல் வேலை இல்லாதவராகக் காட்டிவிடும்.

குழப்பம் எங்கே வருகிறது?

தமிழில் 'பாக்குறேன்' என்ற ஒரே சொல் மூன்று நிலைமைகளுக்குப் பொருந்தும். தினமும் செய்வது, இப்போது செய்துகொண்டிருப்பது, முன்பே தொடங்கி இன்றுவரை தொடர்வது. ஆங்கிலத்தில் இந்த மூன்றுக்கும் தனித்தனி வடிவம் உண்டு.

1. வழக்கமாக நடப்பது

"நான் பேங்க்ல வேலை பாக்குறேன்" – "ஐ வொர்க் இன் எ பேங்க்."

"அவங்க கணக்கு சொல்லித் தர்றாங்க" – "ஷீ டீச்சஸ் மேத்ஸ்."

'ஹீ', 'ஷீ', 'இட்' வந்தால் வினைச்சொல்லின் கடைசியில் 'எஸ்' அல்லது 'இஎஸ்' சேரும். வேகமாகப் பேசும்போது பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

2. இப்போது நடப்பது

"மேனேஜர்கிட்ட பேசிட்டு இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" – "ஐ ஆம் டாக்கிங் டு மை மேனேஜர். ஐ வில் கால் யூ லேட்டர்."

தமிழில் 'இருக்கேன்' என்று வரும் இடத்தில் 'ஆம்', வினைச்சொல்லோடு 'இங்'. இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். "ஐ டாக்கிங்" என்று நிறுத்தினால் வாக்கியம் பாதியில் நிற்கும்.

3. அன்று தொடங்கி இன்றும் தொடர்வது

"மூணு வருஷமா இங்க வேலை பாக்குறேன்" – "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்."

"2021-லிருந்து இங்க வேலை பாக்குறேன்" – "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021."

எவ்வளவு காலம் என்றால் 'ஃபார்'. எப்போதிருந்து என்றால் 'சின்ஸ்'. ரெண்டு நாளா என்றால் "ஃபார் டூ டேஸ்", திங்கட்கிழமையிலிருந்து என்றால் "சின்ஸ் மண்டே".

"ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2021" என்று நம்மூரில் பரவலாகச் சொல்கிறார்கள். அர்த்தமும் புரிந்துவிடும். ஆனால் போட்டித் தேர்வில் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்வியில் இது வந்தால், பிழை 'ஆம்' இருக்கும் இடத்தில்தான்.

சேர்ந்த வருஷத்தைச் சொல்லும்போது?

"வென் டிட் யூ ஜாயின்?" என்று கேட்டால், "ஐ ஜாயின்ட் இன் 2021" என்பதே சரி. சேர்ந்தது அன்றோடு முடிந்த விஷயம். வருஷம், தேதி, 'நேற்று' என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டால், அங்கே 'ஹேவ்' வராது. "ஐ ஹேவ் ஜாயின்ட் இன் 2021" தவறு.

கேள்வியையும் கவனியுங்கள். 'டிட்' வந்துவிட்டதால் 'ஜாயின்' அப்படியே இருக்கிறது. "டிட் யூ ஜாயின்ட்" என்று சொல்லக் கூடாது.

'ஹேவிங்' எங்கே வரும்?

"எனக்கு ரெண்டு தம்பி இருக்காங்க" என்பதற்கு "ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்" என்று பலர் சொல்கிறார்கள். "ஐ ஹேவ் டூ யங்கர் பிரதர்ஸ்" என்பதே சரி. உறவு, பொருள், அனுபவம் ஆகியவை நம்மிடம் இருப்பதைச் சொல்ல 'ஹேவ்' போதும். ஆனால் சாப்பிட்டுக்கொண்டு இருக்கும்போது "ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்" என்று தாராளமாகச் சொல்லலாம். 'நோ' என்ற சொல்லுக்கும் 'இங்' சேராது. "ஐ நோ தமிழ்" என்றாலே போதும்.

பழகுவது எப்படி?

விதியை மனப்பாடம் செய்வதைவிட, சொந்த விவரத்தை வைத்து வாக்கியம் அமைப்பது எளிது. இன்டர்வியூக்குப் போகும் முன் மூன்று வாக்கியங்களை எழுதி, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

என்ன வேலை செய்கிறீர்கள்: "ஐ வொர்க் ஆஸ் அன் அக்கவுண்டன்ட்."

எப்போது சேர்ந்தீர்கள்: "ஐ ஜாயின்ட் இன் 2021."

எப்போதிருந்து செய்கிறீர்கள்: "ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் தென்."

வேலையின் பெயரையும் வருஷத்தையும் மாற்றினால் போதும், வாக்கியம் உங்களுடையது.